மறுபடி படுத்ததற்கு வீடுதான் காரணமா?

பரண்பூனை:
தம்பிக்கு பைபோலார், மனநிலை ஒரேயடியாக ஏறியும் இறங்கியும் போகிற நோய். மூன்றாவது முறையாக வார்டிலிருந்து வீடு திரும்பியிருக்கிறான். இந்த முறை டாக்டர் அப்பாவை உட்காரவைத்து, "வீட்டில் குத்திக்காட்டிப் பேசுவீர்களா?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சுள்ளென்று கோபம். நான் ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். 1986-இல் இங்கிலாந்தில் ஜில் ஹூலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் இருந்து திரும்பிய திருமணமானவர்களை ஒன்பது மாதம் கவனித்திருக்கிறார்கள். துணை அதிகம் குறைசொல்பவராக இருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மற்றவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? வீடுதான் காரணம்.

ராசாத்தி58:
தம்பி, படித்ததை முழுசாகச் சொல்லுங்கள். அந்த ஆய்வில் மொத்தமே 39 நோயாளிகள்தான்.
என் வீட்டுக்காரருக்குப் பதினான்கு வருடமாக இதே நோய். ஒருமுறை மேனியாவில், அதாவது மனநிலை உச்சத்துக்கு ஏறியபோது, ஒரே வாரத்தில் மூன்று ஃப்ரிட்ஜ் தவணையில் வாங்கிவிட்டார். வைக்க இடமில்லாமல் ஒன்று திண்ணையில் நின்றது, அட்டைப்பெட்டியில் கோழி அடைகாத்தது. தவணை கட்டியது நான். அப்போது நாலு வார்த்தை பேசாமல் இருக்க நான் என்ன சுவரா? நோய் கடுமையாக இருக்கிற வீட்டில்தான் திட்டும் அதிகம் இருக்கும். மழை பெய்கிறதே என்று குடை பிடித்தால், குடையால்தான் மழை வந்தது என்பீர்கள் போல.

ஏழாம்வார்டு:
நான் மனநலச் சமூகப் பணியாளர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி.
இது ஜார்ஜ் பிரவுன் என்பவர் லண்டனில் 1950களில் கவனித்த ஒன்றிலிருந்து தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்களைவிட, வாடகை அறைக்குப் போனவர்கள் தேறியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். பிறகு உறவினரைத் தனியாகப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்து, குறைசொல்லும் வாக்கியங்களை எண்ண ஆரம்பித்தார்கள். சொல்லை மட்டுமல்ல, குரலையும் பார்ப்பார்கள். 1976-இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற ஆய்வாளர்கள் கண்டது இது: நோய் திரும்பும் ஆபத்துக்கு ஸ்கிசோஃப்ரினியாவில் ஆறு வாக்கியம் எல்லைக்கோடு என்றால், மனச்சோர்வில் இரண்டே போதும். 1998-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஸ்கிசோஃப்ரினியாவைவிட மனச்சோர்வு, பைபோலார் போன்ற மனநிலைக் கோளாறுகளில் இந்தத் தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது.
ராசாத்தி அக்கா கேட்ட 'எது முன், எது பின்' கேள்வியும் நியாயமானது. பின்னால் வந்த ஓர் ஆய்வில், முழுசாகக் குணமானவர்களின் துணைகள் குறைசொல்லாமல் இருந்தார்கள். அரைகுறையாக நின்றவர்கள் வீட்டில்தான் குறைசொல்லல் தொடர்ந்தது. நோய் பேச்சைக் கிளப்பும், பேச்சு நோயைக் கிளப்பும்.

கம்பங்கூழ்:
இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டு வியாதி. கூட்டுக் குடும்பத்தில் பாட்டி, சித்தி என்று பத்துப் பேர் தாங்கிக்கொள்வார்கள்.

ஏழாம்வார்டு:
சண்டிகரில் பார்த்தார்கள் ஐயா, 1980களில். லண்டனைவிடக் குறைசொல்லல் குறைவுதான், கிராமத்தில் அதைவிடக் குறைவு. ஆனால் வெறுப்பு இருந்த வீடுகளில் அங்கேயும் நோய் திரும்பியது. அதுவும் ஸ்கிசோஃப்ரினியா பற்றியது, பைபோலாருக்கு அப்படியே பொருத்த முடியாது. பத்துப் பேர் தாங்குவார்கள் என்பது உண்மையானால் நல்லது. பத்துப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிற வீடுகளும் எனக்குத் தெரியும்.

அரைக்கண்:
நோயாளி யாராவது பேசலாமா? எனக்கு வயது 34. அம்மா ஒருநாளும் திட்டியதில்லை. மாத்திரை போட்டதும் "ஆ காட்டு" என்று நாக்கைத் தூக்கச் சொல்வார், டார்ச் அடித்துப் பார்ப்பார். ராத்திரி கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால், "இன்னைக்கு லித்தியம் போட்டியா?" என்பார். என் சிரிப்புக்கும் மருந்துச்சீட்டு வேண்டும். இதை எந்த வாக்கியக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

ஏழாம்வார்டு:
அதற்கும் தனிக் கணக்கு உண்டு. அளவுக்கு மீறிப் பொத்திவைப்பது என்று அதையும் அளப்பார்கள். இன்னொரு விஷயம். 1989-இல் ஹூலியும் டீஸ்டேலும் எளிதாக ஒன்று செய்தார்கள். "உங்கள் துணை உங்களை எவ்வளவு குறைசொல்கிறார்?" என்று நோயாளியிடமே கேட்டு, பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் வாங்கினார்கள். மணிக்கணக்காகப் பேட்டி எடுத்ததைவிட அந்த ஒரு கேள்வி நோய் திரும்புவதை நன்றாகக் கணித்தது.

ராசாத்தி58:
சரி, அவரிடம் கேட்டு ஒன்பது என்கிறார் என்றே வையுங்கள். நான் என்ன செய்வது? எனக்கு மதிப்பெண் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவீர்கள்.

ஏழாம்வார்டு:
அக்கா, உங்கள்மேல் பழி போட அல்ல. குறைசொல்லும் வீட்டில் பெரும்பாலும் ஒரு எண்ணம் ஓடும், 'இவன் வேண்டுமென்றே செய்கிறான், மனசு வைத்தால் எழுந்துவிடுவான்' என்று. அதைத்தான் மாற்றப் பார்க்கிறோம். அமெரிக்காவில் டேவிட் மிக்லோவிட்ஸ் பைபோலாருக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து செய்யும் ஒரு முறையை வளர்த்தார். ஒன்பது மாதத்தில் 21 அமர்வு. நோயைப் புரிந்துகொள்வது, பேசும் விதம், பணம் போன்ற சிக்கலைச் சேர்ந்து தீர்ப்பது. 2003-இல் வெளியான முடிவில், இரண்டு ஆண்டுகளில் அந்தக் குழுவில் 35 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, ஒப்பிட்ட குழுவில் 54. இரு குழுவும் மாத்திரை சாப்பிட்டன, அதை விட்டுவிட்டு இது இல்லை.

ராசாத்தி58:
21 அமர்வுக்கு லீவு யார் தருவார்? ஆனாலும் அந்த 35, 54 கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நான் திட்டாமலே இருந்திருந்தாலும் பலருக்குத் திரும்பத்தான் செய்யும் என்று அதிலேயே இருக்கிறதே.

பரண்பூனை:
நேற்று தம்பியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அப்பாவுக்கு ஐந்து போட்டான். எனக்கு எட்டு. ஏன்டா என்றேன். தினமும் எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று நான் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன், அதுவாம். தூக்கம் குறைந்தால் மேனியா வரப்போகிறது என்று டாக்டர்தானே சொன்னார்?

அரைக்கண்:
டாக்டர் சொன்னது சரி. நோட்டை அவனிடம் கொடுங்கள், அவனே எழுதட்டும்.