புதுப்பிப்பு: வேன் வீட்டில் நானும் மணியும்

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, படுக்கையும் அடுப்பும் பொருத்திய டெம்போ டிராவலரில் நாயோடு குடியேறப்போவதாக எழுதியிருந்தேன். "சென்னை வெயிலை நாய் தாங்குமா?" என்றுதான் பலரும் கேட்டீர்கள்.

வெயிலைவிடப் புழுக்கம்தான் படுத்துகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. அதனால் மணியைப் பகலில் வண்டிக்குள் தனியாக விடுவதே இல்லை. மளிகைக் கடைக்கும் கூடவே வருவான். தார்ச்சாலையில் முதலில் என் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், சுட்டால் நடை கிடையாது. கோவளம் பக்கம் நிறுத்தினால் மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும், அப்போதுதான் சாப்பாட்டுத் தட்டையே நக்குகிறான்.

தண்ணீர் பிரச்சினை இல்லை, கேன் போதும். உண்ணிதான் தொல்லை, தினமும் விரலிடுக்கு, காது மடல் என்று தேட வேண்டியிருக்கிறது.

அக்னி நட்சத்திரத்துக்கு முன் ஏலகிரிக்கு ஏறிவிடலாம் என்று யோசனை. இரவில் வண்டி நிறுத்த அங்கே இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.