பிரையர் ஆர்ட்: முன்கலையா, முன்வெளிப்பாடா?

வணக்கம்.

காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவெளிக்கு வந்துவிட்டவற்றைப் பிரையர் ஆர்ட் (prior art) என்கிறார்கள். அதைக் காட்டி, புதுமை இல்லை என்று விண்ணப்பத்தை மறுக்கலாம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஐயா ஒருவர் சொன்ன 'முன்கலை'யை ஒரேயடியாகத் தள்ள மனம் வரவில்லை. 'கலைச்சொல்' என்பதிலேயே கலை துறைநுட்பம் என்ற பொருளில்தானே நிற்கிறது என்று அவர் கேட்பது நியாயம். என் தயக்கம் வேறு. சட்டம் பார்ப்பது கலையா நுட்பமா என்பதை அல்ல. விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்பே அது பொதுமக்களுக்கு எட்டும்படி வெளியே வந்துவிட்டதா என்பதைத்தான். ஒருவர் பட்டறையைப் பூட்டிக்கொண்டு ரகசியமாகக் கையாண்ட முறை முந்தையதுதான், நுட்பமும்தான். ஆனாலும் அது பொதுவாகப் பிரையர் ஆர்ட் ஆகாது. யாரும் புரட்டாமல் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் ஆய்வேடோ பிரையர் ஆர்ட் ஆகிவிடும். இந்த வேறுபாட்டை 'முன்கலை' காட்டவில்லை.

இன்னொரு சொல்லான 'முன்பதிவு' கண்டிப்பாக வேண்டாம். படித்ததும் ரயில் டிக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். அதுபோக, பதிவு என்றாலே எழுத்து என்று ஆகிவிடுகிறது. மஞ்சள் விவகாரத்தில் சிக்கலே அதுதான். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் மக்கள் பயன்படுத்திவந்தார்கள் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் கணக்கில் வராது. அச்சான ஆவணம் வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு தெரிந்த ஒரு சங்கதியை நிரூபிக்க, இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய சமஸ்கிருத நூலையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்து நீட்ட வேண்டியிருந்தது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. 2013இல் அமெரிக்காவும் விதியை மாற்றிக்கொண்டது. இப்போது எந்த நாட்டுப் பொதுப் பயன்பாடும் செல்லும். நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவோ, உள்ளூர்ச் சமூகங்களின் வாய்மொழி அறிவைக் காட்டியே ஒரு விண்ணப்பத்தை எதிர்க்க இடம் தருகிறது. ஆக எழுத்து, பேச்சு, பயன்பாடு மூன்றும் நம் சொல்லுக்குள் அடங்கியாக வேண்டும்.

'முன்னறிவு' வருவதை முன்கூட்டியே உணர்வது என்றாகிவிடும். 'முன்னிருப்பு' கணினித் தமிழில் டீஃபால்ட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

என் பரிந்துரை 'முன்வெளிப்பாடு'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள் (கோரல் என்பது கிளெய்ம், விண்ணப்பதாரர் தனக்கு உரிமை கேட்கும் அம்சம்): "இந்தக் கோரலுக்கு முன்வெளிப்பாடு உண்டு, ஆகவே புதுமை இல்லை." "விண்ணப்பிக்கும் முன் முன்வெளிப்பாட்டுத் தேடல் நடத்துக." வேற்றுமை உருபு ஏற்கிறது, தொகையாகவும் சேர்கிறது. வக்கீல் வாயில் எப்படி வரும் என்றும் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை.

ஓர் இடிப்பு இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமையில் கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அதன் வெளிப்பாட்டுக்குத்தான் என்கிறோம். அங்கே 'வெளிப்பாடு' எக்ஸ்பிரஷன். ஒரே துறையில் ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது அழகல்ல. ஆனால் 'முன்' ஒட்டிய பிறகு குழம்ப வழி குறைவு என்று நினைக்கிறேன். உறுத்துகிறவர்கள் பதிப்புரிமைப் பக்கம் 'வெளிப்பாட்டு வடிவம்' என்று விரித்து எழுதிக்கொள்ளலாம். காப்புரிமையா, இலங்கையில் வழங்கும் ஆக்கவுரிமையா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இந்த இழையில் இழுக்க வேண்டாம். எதை எடுத்தாலும் முன்வெளிப்பாடு பொருந்தும்.

அப்புறம், காப்புரிமையில் வரும் ஆண்டிசிபேஷன் (anticipation) என்ற சொல். அகராதியைப் பார்த்து 'எதிர்பார்ப்பு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கோரலில் சொன்ன எல்லாக் கூறுகளும் முந்தைய ஒரே ஆவணத்தில் அப்படியே இருந்து, அதனால் புதுமை அடிபட்டுப்போவதைத்தான் அது குறிக்கிறது. முன்வெளிப்பாட்டை இதற்கும் நீட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'புதுமையிழப்பு' சரிவருமா? விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை என்பது எனக்கே கொஞ்சம் குறையாகப் படுகிறது. இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.