மறு: ஊசிப் பரிமாற்றமா, ஊசி வழங்கலா?

> ‘ஹார்ம் ரிடக்ஷன்’: தீங்கு குறைப்பு. ‘தீங்கு ஒழிப்பு’ என்றால் இன்னும் அழுத்தமாக இருக்குமே?

வணக்கம் ஐயா. போதை ஊசி போடுபவர்களுக்கான நலப்பணிச் சொற்பட்டியலில் அப்படிப் போட்டால் அழுத்தம் கூடும், பொருள் கெடும். போதையை விட்டால்தான் உதவி என்ற நிபந்தனையைக் கழற்றியதில்தான் இந்த அணுகுமுறையின் அறமே இருக்கிறது. இன்று விடமுடியாதவரையும் எச்ஐவி அண்டாமல் காக்கவேண்டும். ‘ஒழிப்பு’ காவல்துறைச் சொல், குறைப்பே இருக்கட்டும்.

எனக்கு நெருடுவது ‘ஊசிப் பரிமாற்றம்’. 1984இல் ஆம்ஸ்டர்டாமில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் தொற்றின் பரவலைத் தடுக்கத் தொடங்கியபோது, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கினார்கள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்கு ஒன்று என்று கறாராக எண்ணினால், நாளைக்கு மூன்று முறை போடுபவர் ஒரு பழைய ஊசியோடு வந்து ஒன்றோடுதான் போவார். மிச்ச இரண்டு முறைக்கு? அதையே திரும்பப் போடுவார், இல்லையேல் அடுத்தவருடையது. பழைய ஊசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கப் போலீஸ் பயம் வேறு. தேவைக்கேற்பக் கொடுப்பதே சரி. ஆகவே ‘ஊசி வழங்கல்’.

---

> ஆகவே ‘ஊசி வழங்கல்’.

அக்கா, நம் ஊரில் ‘ஊசி போட்டார்’ என்றால் உள்ளே மருந்தும் சேர்த்துத்தான். ‘ஊசி வழங்கல்’ என்று படிப்பவர், அரசே போதை ஊசி போட்டுவிடுகிறது என்று எடுத்துக்கொள்வார். ‘தூய ஊசி’யும் வேண்டாம், போடுபவர் அழுக்கு என்ற தொனி வந்துவிடும். புத்தாடை போலப் ‘புத்தூசி’ எனலாமே? புத்தூசி வழங்கல்.

பழையதைத் திரும்பப் பெறுவதைத் தனிச் சொல்லாக்கவேண்டும்: ‘ஊசி மீள்சேகரிப்பு’. துளைபடாத பெட்டி இல்லாவிட்டால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். அதுவும் தீங்குக் கணக்கில்தான் சேரும். இன்னொன்று: ஹெபடைடிஸ் சி, போதைப்பொருளைக் கரைக்கப் பகிரும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, கலக்கும் தண்ணீர் வழியாகவும் தொற்றும். விளக்கக் குறிப்பில் இதையும் எழுதுங்கள்.

---

புத்தூசிக்கு என் வாக்கு. இந்தியாவின் 2017 எச்ஐவி சட்டத்தின் 22ஆம் பிரிவு இப்பணியைக் குற்றமல்ல என்கிறது. துண்டறிக்கையில் இதைச் சொல்லாவிட்டால் களப்பணியாளர் தயங்குவார்.

பட்டியலில், ஹெராயின் பழக்கத்துக்குத் தரும் பியூப்ரினார்பின் சிகிச்சைக்கு ‘மாற்றுப்போதை’ என்று இருப்பதை நீக்குங்கள். அது பணியாளர் கண்முன் நாக்கடியில் கரையும் மாத்திரை. ஏக்கத்தைத் தணிக்கும், சரியான அளவில் கிறக்கம் தராது. ஹெராயின் உடலில் இருக்கும்போதே கொடுத்தால் அதை, அது ஒட்டிக்கொண்டிருக்கும் மூளை ஏற்பிகளிலிருந்து தள்ளிவிட்டு, தானோ பாதி வேலையே செய்யும். போதை நின்றால் வரும் விலகல் உபாதை திடீரெனப் பிடித்துக்கொள்ளும். உபாதை தானாகத் தொடங்கியபிறகே முதல் மாத்திரை. ‘பதிலீட்டு மருத்துவம்’ என்று போடலாமா? மறுப்பிருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.