மறு: தோட்டாக் கூட்டின் கழுத்தை அகலமாக்கும் கருவிக்குத் தமிழ்ச் சொல்

ஐயா, வணக்கம்.

> 'கழுத்து விரிப்பான்' என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்டதும் புரிகிறது.

பாலக்கோட்டிலிருந்து நீங்கள் எழுதிய இந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. கருவி செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புவது அமெரிக்காவில் பலருக்கும் பழக்கமான பொழுதுபோக்கு. (நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. நமக்கு வேண்டியது சொல் மட்டும்தான்.) வெறும் பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்தும்போது அதன் கழுத்து, அதாவது குண்டைப் பிடிக்கும் மேல்பகுதி, தேவைக்கு மேலேயே சுருங்கிவிடும். அப்புறம் ஓர் எஃகுத் தண்டை உள்ளே செலுத்தி, வேண்டிய உள்விட்டத்துக்குக் கொண்டுவருவார்கள்.

செம்பு உறை போட்ட 0.308 அங்குலக் குண்டுக்குத் தண்டு சுமார் 0.306 இருந்தால் போதும். வார்ப்பு ஈயக் குண்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. துப்பாக்கிக் குழலின் உள்ளே சுருளாக ஓடும் காடிகளை முழுதாக அடைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால், காடி விட்டத்தைவிட ஒன்றிரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூட்டி 0.309, 0.310 என்று வைப்பார்கள். அதைப் பழைய தண்டு திறந்த கழுத்துக்குள் அழுத்தினால் பித்தளை விட்டுக்கொடுக்காது, ஈயம் விட்டுக்கொடுத்துவிடும். குண்டு கூட்டுக்குள்ளேயே இளைக்கும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் சீவப்படும். சுடும்போது இளைத்த குண்டின் ஓரமாகச் சூடான வாயு கசிந்து ஈயத்தை அரிக்கும். குழலில் ஈயம் ஒட்டும், குறி சிதறும். எனவே 0.310 குண்டுக்கு 0.308 தண்டு வேண்டும். மாறுவது இரண்டு தௌ, அதாவது 0.05 மில்லிமீட்டர்தான். ஓசூரில் லேத் ஓட்டுகிறவரிடம் கேட்டால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்வார்.

ஆக, இந்தத் தண்டின் உயிர் அதன் பருமனில் இருக்கிறது. 'விரிப்பான்' என்ற சொல்லில் அந்தப் பருமன் இல்லை. நான் முன்வைப்பது 'கழுத்து முளை'. மாடு கட்ட அடிக்கும் முளை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முளையின் பருமன் எவ்வளவோ, அதுதான் குழியின் பருமன். 'எட்டாம் அளவு முளை', 'முளை மாற்று' என்று பட்டறையில் பேசவும் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஈயக் குண்டின் அடி விளிம்பில் இடிக்காமல் நேராக இறங்க, கூட்டின் வாயை மட்டும் ஒரு துளி அகலமாக்குவார்கள். ஏசி மெக்கானிக் செம்புக் குழாய்க்கு ஃப்ளேர் அடிப்பது போன்ற வேலை. 'விரித்தல்' என்பதைக் கழுத்துக்குக் கொடுத்துவிட்டால் இதற்கு என்ன சொல்வது? இதை 'வாய் மலர்த்தல்' என்று பிரித்துவிடலாம். இரண்டும் ஒன்றாகிவிடவே கூடாது. கழுத்தின் அளவு குண்டைக் காப்பாற்றுகிறது. மலர்த்துவதோ கூட்டின் ஆயுளைத் தின்கிறது: ஒவ்வொரு முறையும் அதிகமாக மலர்த்தினால் பித்தளை இறுகி வாய் வெடித்துவிடும்.

கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கத்துக்கு (neck tension) தருமபுரி நண்பர் சொன்ன 'கழுத்து இழுவிசை' வேண்டாம். அங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை, கழுத்து குண்டைக் கவ்விப் பிடிக்கிறது. 'கழுத்துப் பிடிப்பு' என்றால் தைலம் தேய்க்கிற வலி என்றே படிப்பவர் நினைப்பார். 'பிடிமானம்' பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முளையை வெளியே எடுத்ததும் கழுத்து கொஞ்சம் திரும்பச் சுருங்கும். பலமுறை சுட்டு இறுகிய கூட்டில் அது இன்னும் அதிகம். இதற்கு வந்த 'மீள்சுருக்கம்' இங்கே சரி, தகடு வளைக்கும் இடத்தில் சரிவராது. வளைத்த தகடு மீளும்போது விரியத்தான் செய்யும். 'மீள்வு' என்று வைத்தால் இரண்டு இடத்துக்கும் ஆகும்.

மீதி இருப்பது ஒன்று. கீழே 0.308, மேலே சுமார் 0.312 என்று இரண்டு பருமனில், கழுத்தையும் வாயையும் ஒரே தள்ளலில் முடிக்கும் முளைக்கு என்ன பெயர்? 'படிமுளை' என்று தோன்றுகிறது, ஆனால் படியெடுத்தல், நகல் என்ற பொருள் குறுக்கே வருமோ என்று தயக்கம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.