பத்து கேஸ் போதுமா?

கீறல்மன்னன்:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "எந்தப் புற்றுநோயானாலும் சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிதான் சிறந்தது. இன்னும் வயிற்றைத் திறப்பவர்கள் படிப்பதை நிறுத்தியவர்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2018-ல் வெளிவந்த லாக் ஆய்வு கண்ணில் படவில்லையா? ஆரம்பக் கட்டக் கருப்பைவாய்ப் புற்றுநோய், 631 பெண்கள், குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. நாலரை ஆண்டு முடிவில் நோயில்லாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம். உங்கள் செல்லப்பிள்ளையில் 86. பாதுகாப்புக் குழுவே தலையிட்டு, ஆள் சேர்ப்பதைப் பாதியில் நிறுத்த வைத்தது.

சாவித்துவாரம்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அந்த ஆய்வில் சேர ஒரு சர்ஜன் காட்ட வேண்டியது லேப்ராஸ்கோப்பியில் செய்த 10 கேஸ், வெட்டி ஒட்டாத 2 வீடியோ. பத்தே கேஸ்! புரோஸ்டேட் அறுவையில் கை படிய 250 கேஸ் வரை ஆகும் என்று 2007-லேயே விக்கர்ஸ் குழு காட்டிவிட்டது.

எண்கணக்கு:
பத்து என்பது நுழைவுத் தகுதி. எல்லோரும் பத்தோடு நின்றவர்கள் என்று யார் சொன்னது? அப்புறம், விக்கர்ஸ் பார்த்தது திறந்த அறுவையை.

சாவித்துவாரம்:
திறந்த அறுவைக்கே 250 என்றால் எங்களுக்குப் பத்து எப்படிப் போதும்? எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள், நன்றி.

கீறல்மன்னன்:
ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். முறை நல்லது, செய்தவர்தான் மட்டம், அப்படித்தானே? நோயாளி மேசையில் படுப்பது சராசரி சர்ஜனிடம், மாநாட்டில் வீடியோ போட்டுக் கைதட்டல் வாங்குபவரிடம் அல்ல.

பிஜி இரண்டாமாண்டு:
சார், லேப்ராஸ்கோப்பியில் கருப்பையை அசைக்க உள்ளே விடும் மேனிப்புலேட்டர் கருவி கட்டியில் உரசி செல்கள் சிதறலாம் என்கிறார்களே, அதுவும் காரணமாக இருக்குமா?

சாவித்துவாரம்:
முதலில் பத்து கேஸுக்குப் பதில் வரட்டும். 2013-ல் பர்க்மையர் குழு 20 சர்ஜன்களின் இரைப்பை பைபாஸ் (உடல் பருமனுக்கான அறுவை) வீடியோக்களைச் சக சர்ஜன்களிடம் கொடுத்து மதிப்பெண் போட வைத்தது. கைத்திறனில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்பங்கில் 5.2. கைதான் எல்லாம்.

எண்கணக்கு:
வீடியோ பார்த்தே கையை எடைபோடலாம் என்றால், லாக் குழுவும் 2 வீடியோ பார்த்துத்தானே சேர்த்தது?

சாவித்துவாரம்:
இரண்டு வீடியோ! நல்ல நாளில் எடுத்த இரண்டை யாரும் அனுப்புவார்கள். கத்தி பிடிக்காதவர்களுக்கு அது புரியாது.

எண்கணக்கு:
வந்துவிட்டது. ஹெர்னியா வலை பற்றிய விவாத இழையிலும் கணக்கு உதைத்தபோது இதையேதான் சொன்னீர்கள்.

பிஜி இரண்டாமாண்டு:
பத்து கேஸைக் கேவலமாகப் பேசுகிறீர்கள். எங்களுக்கு ஒன்றாவது முழுதாகக் கிடைக்குமா? கேமரா பிடித்தே தோள் மரத்துப்போகிறது. லேசாகச் சாய்ந்தால் திட்டு வேறு.

கீறல்மன்னன்:
நாங்கள் மணிக்கணக்கில் வயிற்றை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர் பிடித்து வளர்ந்தவர்கள் தம்பி. அடிவயிற்றில் ரத்தம் பொங்கும்போது விரல் எங்கே போக வேண்டும் என்று எந்த சிமுலேட்டரும் சொல்லித்தராது.

பிஜி இரண்டாமாண்டு:
தம்பி இல்லை சார், தங்கை. மேனிப்புலேட்டர்?

கீறல்மன்னன்:
சரி தங்கச்சி, இரு. சாவித்துவாரம், 96.5, 86. இந்த இரண்டு எண்ணையும் உங்கள் சம்மதப் படிவத்தில் எழுதுகிறீர்களா, இல்லையா?

சாவித்துவாரம்:
எழுதுகிறேன். கூடவே பத்து கேஸ் கதையையும் எழுதுகிறேன். உங்கள் படிவத்தில் உங்கள் கேஸ் எண்ணிக்கை இருக்கிறதா?

கீறல்மன்னன்:
என் கணக்கைக் கேட்க நீங்கள் யார்? ஆபரேஷன் தியேட்டர் வேலையை முடித்துவிட்டு வருகிறேன். ஹெர்னியா இழையிலும் பாக்கி இருக்கிறது.