பர்வதமலைப் பாதை வேலை: சிமெண்ட்டா, கல்லா?

குழு: ஆயா வீட்டுப் பிள்ளைகள்

சனிக்கிழமை, இரவு

கதிர்: அடுத்த ஞாயிறு பர்வதமலை போகிறோம். சாமி கும்பிட மட்டும் இல்லை, பாதை வேலைக்கு. படிக்கட்டு முடிந்து கல்லும் மண்ணுமாக ஏறுகிற பகுதி கார்த்திகை மழையில் ஓடையாகவே ஆகிவிட்டது. வனத்துறை அனுமதி வாங்கியாயிற்று, வனக்காவலர் ஒருவர் கூடவே வருவார். ஆள்தான் பற்றவில்லை. யார் யார் வருகிறீர்கள்?

காட்பாடி அத்தை: அந்த இடமா! பௌர்ணமிக்கு ஏறினபோது டார்ச் அடித்துப் பார்த்தும் பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. வெறுங்காலோடு வருகிறவர்கள் பாவம்.

போளூர் பெரியப்பா: வருஷா வருஷம் மண்ணை வாரிக் கொட்டி என்ன பயன் நைனா? கீழே இருக்கிற மாதிரி மேலேயும் சிமெண்ட் படி கட்டிவிட்டால் ஒரே வேலையாக முடியும். உறவுக்காரர்களிடம் நானே பணம் வசூல் செய்து தருகிறேன்.

கதிர்: பெரியப்பா, சிமெண்ட் மூட்டையை விடுங்கள். அதைக் குழைக்கத் தண்ணீரை யார் மேலே தூக்குவது?

போளூர் பெரியப்பா: சோளிங்கரில் பெரிய மலைக்கு 1,305 படி கட்டவில்லையா? அந்தக் காலத்தில் தூக்கினார்களே.

கதிர்: அங்கே தினமும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. 2024-இல் ரோப் காரே வந்துவிட்டது. இது 4,560 அடி, ஆள் கண்காணிப்பு இல்லாத காடு. இங்கே சிமெண்ட் போட்டால் அடியில் இருக்கிற மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். மேலே பார்த்தால் படி திடமாக இருக்கும், உள்ளே பொந்து. என்றைக்கு உடையும் என்று சொல்ல முடியாது. சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். ஒரு கல் நகர்ந்தால் அந்த ஒரு கல்லை மட்டும் திருப்பி வைத்தால் போதும்.

ஆரணி சித்தப்பா: சங்க காலத்து நவிரமலை இதுதான் என்பார்கள். செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னனின் மலை. அன்றைக்கே பரிசில் தேடிப் போன கூத்தருக்கு, மலை வழியில் எங்கே வழுக்கும், எங்கே பார்த்து இறங்க வேண்டும் என்று புலவர் விவரமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வசந்தி அக்கா: சித்தப்பா, நீங்கள் வருகிறீர்களா, இல்லையா?

ஆரணி சித்தப்பா: முழங்கால் சம்மதிக்காது அம்மா. புளிசோறு கட்டித் தரச் சொல்கிறேன்.

போளூர் பெரியப்பா: சரி கதிர், சிமெண்ட் வேண்டாம். அப்போது அரிப்பை எப்படி நிறுத்துவாய்?

கதிர்: அரிப்புக்குக் காரணம் கால் இல்லை, தண்ணீர். கால் செய்வது ஆரம்ப வேலை மட்டும். பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது இல்லையா, இறங்கும்போது பையன்கள் வளைவை விட்டுவிட்டு நேராகக் குறுக்கே ஓடுகிறார்கள். புல் போய்விடுகிறது, மண் இறுகிவிடுகிறது, அடுத்த மழைக்கு அதுவே நேர்வழி. தண்ணீர் எவ்வளவு தூரம் நிற்காமல் நேராக ஓடுகிறதோ அவ்வளவு வேகம், அவ்வளவு பள்ளம்.

காட்பாடி அத்தை: அதைச் சொல்லு! ராத்திரியில் மேலேயிருந்து சறுக்கிக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் தள்ளிவிடுகிற கல் நம் மேல் உருளுகிறது.

கதிர்: ஆமாம் அத்தை. அதனால் முதல் வேலை குறுக்கு வழிகளை மேலும் கீழும் இரண்டு வாயிலும் அடைப்பது. பெரிய கல், பட்டுப்போன முள். போர்டு வைத்தால் யாரும் படிப்பதில்லை, முள்ளைக் கண்டால் நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது வேலை, நடக்கிற பாதையில் அங்கங்கே குறுக்கே கல்வரிசை பதித்துத் தண்ணீரைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிவிடுவது. நீங்கள் கழனியில் மடை வெட்டிவிடுவது போலத்தான் பெரியப்பா.

போளூர் பெரியப்பா: மடை என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கல்லை நேர் குறுக்காகப் போடாதே. தண்ணீர் முட்டி நிற்கும், வண்டல் சேரும், அப்புறம் மேலே ஏறிப் பழைய வழியிலேயே போகும். சாய்த்துப் போடு.

கதிர்: சாய்த்துத்தான். கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் புதைய வேண்டும். ஒருத்தன் தனியாகத் தூக்கக்கூடிய கல் என்றால் அது சின்னக் கல், ஒரே மழையில் போய்விடும். செங்குத்தான இடத்தில் வரிசைகள் நெருக்கமாக வரும்.

போளூர் பெரியப்பா: இன்னொன்று கேட்கிறேன். நீ வெளியே தள்ளுகிற தண்ணீர் கீழே அடுத்த வளைவில் அதே பாதை மேல்தானே வந்து விழும்?

கதிர்: இதைத்தான் போன தடவை அங்கேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினோம். வெளியே விடுகிற வாய் பாறை மேலோ, அடர்ந்த செடி இருக்கிற இடத்திலோ இருக்க வேண்டும். அப்படி இடம் கிடைக்காவிட்டால் அங்கே மடையே வைக்கக் கூடாது, வேறு இடம் பார்க்க வேண்டும். நீங்கள் வந்து நின்று காட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போளூர் பெரியப்பா: பார்க்கலாம்.

வசந்தி அக்கா: பெரியப்பா "பார்க்கலாம்" என்றால் வருகிறார் என்று அர்த்தம். எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை

அட்லாண்டா மணி: இப்போதுதான் எல்லாம் படித்தேன். இங்கே அப்பலாச்சியன் பாதை என்று ஒரு நீண்ட மலை நடைபாதை உண்டு, அது தொடங்குகிற ஸ்பிரிங்கர் மலை எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில்தான் இருக்கிறது. சுமார் 3,500 கிலோமீட்டர், 14 மாநிலங்கள், 1937-இல் முழுப் பாதையும் இணைந்தது. அதைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் தொண்டர்கள்தான். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வடக்குக் கரோலினா, டென்னசி பக்கம் மரங்களை வரிசையாகச் சாய்த்துப் பாதையை அடைத்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் வழக்கமாக மோட்டார் ரம்பம் கூடாது, இரண்டு பேர் இழுக்கிற கைரம்பம்தான். மற்ற இடங்களில் மோட்டார் ரம்பம் பிடிக்கவும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும்.

போளூர் பெரியப்பா: அமெரிக்காவிலேயே கைரம்பமா! நம் ஊரில் அறுப்புக்காரர்களே அதை விட்டுவிட்டார்கள்.

காட்பாடி அத்தை: கதிர், கடப்பாறைப் படி பக்கமும் வேலையா? அப்படியென்றால் உன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

கதிர்: இல்லை அத்தை. கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி எதிலும் நாங்கள் கை வைக்க மாட்டோம். பாறையில் அடித்த இரும்பும் சங்கிலியும் அனுபவப்பட்டவர்கள் பார்க்க வேண்டியவை. எங்கள் எல்லை அதற்குக் கீழேயே முடிந்துவிடும். கல் நகர்த்தும்போது மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் நின்று ஏறுகிறவர்களை நிறுத்துவார்கள். அதற்காகத்தான் பௌர்ணமி, பிரதோஷம் இல்லாத ஞாயிறாகப் பார்த்தோம்.

வசந்தி அக்கா: நான் குப்பைப் பிரிவு. தண்ணீர் பாக்கெட்டுக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தடை, ஆனால் பாட்டிலுக்குத் தடை இல்லை, அதனால் இப்போது பாறை இடுக்கு முழுக்க பாட்டில்தான். சாக்கு கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். அப்புறம், வழியில் எங்கேயும் கற்பூரம் ஏற்றாதீர்கள். தை போனால் புல் காய்ந்துவிடும், ஒரு பொறி போதும்.

கதிர்: ஞாயிறு காலை 4 மணிக்குக் காட்பாடியிலிருந்து வேன். போளூரில் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தென்மாதிமங்கலம். வெயிலுக்கு முன்னால் வேலை இடத்துக்குப் போய்விட வேண்டும். மாலை 3 மணிக்கு இறக்கம்.

அட்லாண்டா மணி: திரும்பும்போது ஆம்பூர் பிரியாணி என்று போடு, கூட்டம் தானாக வரும்.

வசந்தி அக்கா: போளூரிலிருந்து வேலூர் வருகிற வழியில் ஆம்பூர் எங்கே வருகிறது? ஊரை விட்டுப் போனதும் வரைபடமே மறந்துவிட்டதா?

போளூர் பெரியப்பா: என்னிடம் இரண்டு கடப்பாறை, மூன்று மண்வெட்டி இருக்கிறது. மூன்றாவது கடப்பாறை பொங்கலுக்கு முன்னால் ஆரணிக்குப் போனது, இன்னும் வரவில்லை.

காட்பாடி அத்தை: சித்தப்பா ஆன்லைனில்தான் இருக்கிறார்.

ஆரணி சித்தப்பா: புளிசோற்றோடு சேர்த்து அனுப்புகிறேன்.