ஒரு குழந்தைக்கு ஒரே கோப்பு வேண்டுமா?

கரும்பலகை:
என் வகுப்பில் ஏழு வயதுப் பையன். சில நாள் கூப்பிட்டதும் திரும்புவான், சில நாள் மூன்று முறை கூப்பிட்டாலும் அசைய மாட்டான். திமிர் என்று நினைத்து, ‘கவனக்குறைவு’ என்று அறிக்கையிலும் எழுதிவிட்டேன். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதாம். அது கூடும்போதும் குறையும்போதும் கேட்கும் திறனும் மாறும். காது மருத்துவருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் எட்டு மாதமாகத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. முன்வரிசையில் உட்கார வைத்திருப்பேனே! எல்லாரும் பார்க்கும்படி ஒரே கோப்பு இருந்தால் என்ன?

தாழ்ப்பாள்:
வேண்டவே வேண்டாம். நான் ஒரு தாய். மகன் படுக்கையை நனைப்பதை மருத்துவரிடம் சொன்னேன். அது ஒரு பள்ளி ஊழியர் வாய்வழியாக என் காதுக்கே திரும்பி வந்தது. அதற்கப்புறம் யாரிடமும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் ‘கான்டாக்ட்பாயின்ட்’ என்று எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பதிவேடு கொண்டுவந்தார்கள். 2009இல் வந்தது, 2010இல் மூடினார்கள்.

கரும்பலகை:
அது ஏன் வந்தது என்பதையும் சொல்லுங்கள். விக்டோரியா கிளிம்பி 2000இல் எட்டு வயதில் சித்திரவதையால் இறந்தாள். சமூகப் பணியாளர், மருத்துவர், காவலர் எல்லாரும் அவளை அறிந்திருந்தார்கள். காப்பாற்ற 12 வாய்ப்புகள் இருந்தன என்றது, அவள் சாவை விசாரித்து 2003இல் வந்த லேமிங் அறிக்கை. அதற்குப் பிறகுதான் அந்தப் பதிவேடே வந்தது.

நடுவழி:
சமூகப் பணியாளராக ஒன்று சொல்கிறேன். அங்கே தகவல் போகாமல் இல்லை. முதல் மருத்துவமனையில் மூத்த மருத்துவர் அவள் காயங்களைச் ‘சிரங்கு’ என்றார். அந்தச் சொல் மற்ற துறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, குழந்தையை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கோப்பு இருந்தாலும் அதில் ‘சிரங்கு’ என்றுதானே இருந்திருக்கும்? நான் ‘கண்காணிப்பில் உள்ளது’ என்று எழுதினால் மாதம் ஒருமுறை போய்வருவேன் என்று அர்த்தம். அதைப் படிக்கும் ஆசிரியர், தினமும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நிம்மதியாகிவிடுவார். போனில் பேசினால், “அப்படியென்றால் என்ன?” என்று கேட்கவாவது முடியும்.

கரும்பலகை:
போனா? மருத்துவரை லைனில் பிடிப்பதற்குள் ஒரு பருவமே முடிந்துவிடும், சார்.

தாழ்ப்பாள்:
மருத்துவர் எழுதிய கடிதத்தின் நகலை அம்மா கையில் கொடுத்து, “டீச்சரிடம் காட்டலாமே” என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எதைக் காட்டுவது என்பதை அந்த அம்மாவே பார்த்துக்கொள்வார்.

கரும்பலகை:
அடிக்கிற பெற்றோர் காட்டுவார்களா?

நடுவழி:
அது வேறு கதை. குழந்தைக்கு ஆபத்து என்று பட்டால் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. காதில் நீர் கோப்பதற்கும் அடி உதைக்கும் ஒரே விதி வைத்தால் இரண்டும் கெடும்.

கரும்பலகை:
இன்று அந்த அம்மாவிடமே கேட்டேன். “டாக்டரே உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நினைச்சேன் டீச்சர்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் கோப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

தாழ்ப்பாள்:
எட்டு மாதத்தில் இன்றுதான் கேட்டீர்களா?